இன்டர்ன்ஷிப் சான்றிதழில் நான் போடாத கையெழுத்து

போன டிசம்பரில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், குடியாத்தத்திலிருந்து ஒரு அப்பாவும் மகனும் காட்பாடியில் இருக்கும் என் ஆர்க்கிடெக்ட் அலுவலகத்துக்கு வந்தார்கள். பையன் பி.ஆர்க்., அதாவது கட்டடக்கலைப் படிப்பில், நான்காம் ஆண்டு. அப்பா கைலி வியாபாரம் செய்பவர். உட்கார்ந்து தண்ணீர் குடித்ததும் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"இன்டர்ன்ஷிப் சர்டிபிகேட் ஒண்ணு வேணும் மேடம். நீங்க கையெழுத்து போட்டு சீல் வச்சா போதும். பையன் வீட்ல கம்ப்யூட்டர்லயே ஏதோ த்ரீடி படம் பண்ணித் தர்றான், மாசம் நல்ல காசு வருது. ஆபீசுக்கு வந்தா அது போயிடும்."

முடியாது என்றேன். அவர் கோபப்படவில்லை. "உங்களுக்கு இதுல என்னம்மா நஷ்டம்?" என்று மட்டும் கேட்டார். மனசில் ஒன்றும் வைக்காமல் கேட்ட கேள்வி அது. அன்றைக்கு நான் சொன்ன பதில் அரைகுறையாகத்தான் இருந்தது. இப்போது முழுதாகச் சொல்கிறேன். பி.ஆர்க். படிக்கும் பிள்ளைகளும், அவர்களைப் படிக்க வைக்கும் பெற்றோரும் படித்தால் நல்லது.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடலாம். நம் நாட்டில் 'ஆர்க்கிடெக்ட்' என்று பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்ள வேண்டுமென்றால் 1972-ஆம் ஆண்டு ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு இல்லாமல் அந்தப் பெயரைப் பயன்படுத்துவதை அந்தச் சட்டத்தின் 37-ஆவது பிரிவு தடுக்கிறது. தடை பெயருக்குத்தான், கட்டடம் வடிவமைக்கும் வேலைக்கே அல்ல என்று 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆக, அந்தப் பெயரை நம்பி ஒருவர் நம்மிடம் வருவதுதான் நம்மிடம் இருக்கும் சொத்து. சரி, பதிவு எப்படிக் கிடைக்கிறது? ஐந்து வருடப் படிப்பு முடிந்து பட்டம் கையில் வந்ததும் விண்ணப்பித்தால் எண் வந்துவிடும். நடுவில் தேர்வு கிடையாது. படிப்புக்குப் பின் இத்தனை வருடம் யாரிடமாவது வேலை பார்த்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் கிடையாது. இருக்கும் ஒரே பயிற்சி, படிப்புக்குள்ளேயே வரும் ஒரு செமஸ்டர்தான். நான் படித்தபோது நடப்பில் இருந்த 1983 விதிமுறைப்படி அது ஏறத்தாழ 16 வேலை வாரம். 2020-இல் புது விதிமுறை வந்தது, ஒரு செமஸ்டர் என்பது அப்படியேதான் இருக்கிறது.

22, 23 வயதில் ஒரு வீட்டின் வரைபடத்தில் கையெழுத்துப் போடும் உரிமை வந்துவிடுகிறது. அதற்கு முன்னால், தப்பு செய்தால் திருத்த ஆள் பக்கத்தில் நிற்கும் காலம் அந்த ஒரு செமஸ்டர் மட்டும்தான். அதையும் சீல் வைத்துத் தாண்டிவிட்டால், முதல் தப்பை யாரோ ஒருவருடைய ஆயுள் சேமிப்பில் கட்டும் வீட்டில்தான் செய்யப் போகிறோம்.

இது எனக்கும் தானாகப் புரியவில்லை. என் பெரியப்பா மகள் புரிய வைத்தாள். அக்கா இங்கே பி.ஆர்க். முடித்துவிட்டு அமெரிக்காவில் மேற்படிப்பு படித்து அங்கேயே வேலைக்குச் சேர்ந்தவள். 2017 தொடக்கத்தில் நான் இன்டர்ன்ஷிப் போனபோது, அவளும் அங்கே லைசென்ஸுக்காகப் பயிற்சிக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தாள். நமக்குக் காலை ஏழு மணி என்றால் அவளுக்கு முதல் நாள் ராத்திரி. நான் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போதுதான் இருவரும் பேசுவோம்.

அங்கே பட்டம் வாங்கினால் மட்டும் போதாது. என்கார்ப் என்ற அமைப்பு நடத்தும் ஏ.எக்ஸ்.பி. என்ற பயிற்சியில் 3,740 மணி நேரம் வேலை பார்த்ததைக் காட்ட வேண்டும். அதுவும் மொத்தமாகக் காட்ட முடியாது, ஆறு தலைப்பாகப் பிரித்திருக்கிறார்கள். அலுவலகம் நடத்தும் வேலைகளில் 160 மணி, திட்டத்தை நிர்வகிப்பதில் 360, வாடிக்கையாளரின் தேவையையும் இடத்தையும் ஆராய்வதில் 260, வடிவமைப்பில் 1,080, விவர வரைபடங்களில் 1,520, கட்டுமானத்தைக் கண்காணிப்பதில் 360. இதில் 1,860 மணி நேரமாவது லைசென்ஸ் பெற்ற ஆர்க்கிடெக்டின் மேற்பார்வையில், ஆர்க்கிடெக்ட் அலுவலகத்திலேயே நடந்திருக்க வேண்டும். வேலை செய்து எட்டு மாதத்துக்குள் பதிவு செய்யாவிட்டால் அந்த மணி நேரத்தில் பாதிதான் கணக்கில் வரும். இதற்கு மேல் ஆறு தேர்வு வேறு.

"உனக்கு மொத்தம் எவ்வளவுடி வரும்?" என்று கேட்டாள். பஸ் ஸ்டாண்டில் நின்றபடியே கணக்குப் போட்டேன். 16 வாரம், வாரத்துக்கு ஆறு நாள், நாளைக்கு எட்டு மணி. 768. அவளுடையதில் ஐந்தில் ஒரு பங்கு. "அப்போ ஒரு மணி நேரத்தைக்கூட வீணாக்காதே. என் தலைப்பு ஆறையும் உன் நோட்டில் எழுதிவை. தினமும் எந்தத் தலைப்பில் எத்தனை மணி போச்சுன்னு எழுது" என்றாள்.

அன்று ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். என் படிப்பில் நான் எடுத்த நல்ல முடிவுகளில் அது ஒன்று.

அந்த நோட்டுதான் என்னைக் காப்பாற்றியது. நான் முதலில் சேர்ந்தது சென்னையில் ஒரு பெரிய அலுவலகம். பேர் சொன்னால் கல்லூரியில் எல்லோரும் வாயைப் பிளப்பார்கள். ஏசி ஹால், முப்பது பேர். எனக்குக் கொடுத்த வேலை த்ரீடி மாடலில் மரம் நடுவது, ஜன்னலுக்கு வெளிச்சம் வைப்பது, பிரசன்டேஷன் பக்கங்களை அடுக்குவது. யாரும் கடுமையாக நடந்துகொள்ளவில்லை. யாரும் எதையும் சொல்லித் தரவும் இல்லை, அவ்வளவுதான். ஆறாவது வாரக் கடைசியில் நோட்டைக் கூட்டிப் பார்த்தேன். 288 மணி நேரத்தில் கட்டடம் கட்டும் இடத்தில் நான் நின்றது 3 மணி நேரம். அதுவும் ஒரு வாடிக்கையாளருக்குக் கோப்பு கொடுக்கப் போனபோது. கட்டுமானம் என்ற தலைப்பின் கீழே பக்கம் வெள்ளையாகக் கிடந்தது.

கல்லூரி வாத்தியாரிடம் நோட்டை எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். புலம்பியிருந்தால் கேட்டிருக்க மாட்டார். கணக்கைப் பார்த்ததும் அலுவலகம் மாற ஒப்புக்கொண்டார். ஒன்று கவனியுங்கள்: பாதியில் இடம் மாறுவதென்றால் கல்லூரியின் எழுத்து அனுமதி முதலில் வேண்டும். பழைய அலுவலகத்திலிருந்து, வேலை பார்த்த நாள்களுக்கான சான்றிதழைக் கிளம்பும் அன்றே வாங்கிக்கொள்ள வேண்டும். அப்புறம் வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டவர்கள் மாதக்கணக்கில் அலைந்ததைப் பார்த்திருக்கிறேன்.

மீதிப் பத்து வாரம் எங்கள் வேலூரில், காந்தி நகரில் ஒரு மாடியில் இருந்த சின்ன அலுவலகம். ஆர்க்கிடெக்ட் சார், வரைபடம் போடும் ஒரு டிராஃப்ட்ஸ்மேன், கணக்குப் பார்க்கும் ஒரு அக்கா, நான். நான் சேர்ந்த அன்று நடந்துகொண்டிருந்தவை நாலு வீடும் ஒரு கிளினிக்கும். சத்துவாச்சாரியில் அஸ்திவாரத்துக்குக் கடகால் தோண்டிக்கொண்டிருந்தார்கள், பாகாயத்தில் கூரை போடத் தயாராகிக்கொண்டிருந்தது, அரப்பாக்கத்தில் பூச்சு. ஒரே வீட்டை அடியிலிருந்து முடி வரை பார்க்கப் பத்து வாரம் போதாது. ஆனால் மூன்று கட்டத்தில் மூன்று வீடு இருந்தால், பத்து வாரத்தில் முழு வீட்டையும் பார்த்ததற்குச் சமம். இன்டர்ன்ஷிப்புக்கு இடம் தேடும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். அலுவலகத்தின் பேரைக் கேட்காதீர்கள். "இப்போ எத்தனை சைட் ஓடுது சார், எது எந்த ஸ்டேஜ்ல இருக்கு, வாரத்துல எத்தனை நாள் என்னை அனுப்புவீங்க?" என்று கேளுங்கள். அவருடைய பதிவு நடப்பில் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். கவுன்சிலின் இணையதளத்தில் பதிவு எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். கேட்கவே கூச்சமாக இருக்கும். கேட்டுவிடுங்கள், நல்ல அலுவலகத்தில் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

இப்போது மாடிப்படிக் கதை.

பாகாயம் வீட்டின் மாடிப்படியைச் சார் என்னிடம் வரையக் கொடுத்தார். மூன்று வருடமாகக் கல்லூரியில் படி வரைந்திருக்கிறேனே என்ற தைரியம் எனக்கு. கீழ்த்தளக் கான்கிரீட்டிலிருந்து மேல்தளக் கான்கிரீட் வரை பத்தடி, அதாவது 3,048 மில்லிமீட்டர். பதினெட்டாகப் பங்கு போட்டேன், ஒரு படி 169. வீட்டுப் படியின் உயரம் 190-ஐத் தாண்டக்கூடாது, மிதி, அதாவது கால் வைக்கும் அகலம், 250-க்குக் குறையக்கூடாது என்று நேஷனல் பில்டிங் கோடு என்ற கட்டட விதிப் புத்தகம் சொல்கிறது. இரண்டுக்கும் பொருந்தியது. அழகாகப் பிரின்ட் எடுத்து சைட்டுக்குக் கொண்டுபோனேன்.

அங்கே மேஸ்திரி அணைக்கட்டுப் பக்கத்துக்காரர், அறுபதை நெருங்கியவர். பிரின்ட்டை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் பக்கத்துச் சுவரைக் காட்டினார். சுவர் முழுக்க, தரையிலிருந்து ஒரே உயரத்தில் ஒரு நீலக் கோடு ஓடியது. நூலில் நீலப் பொடி தோய்த்து அடித்தது.

"இது இன்னா கோடு, சொல்லு பாப்பா?"

மட்டக் கோடு என்றேன்.

"எதோட மட்டம்?"

எனக்குத் தெரியவில்லை.

"கிரானைட் போட்ட பிறகு வரப் போற தரை இருக்கு இல்ல, அதுலருந்து மூணடி. இப்ப நீ நிக்கிறது தரை இல்ல. தரை இன்னும் மூணு இன்ச் மேல வரும். உன் முதல் படி அதுல முழுவும். படி மேலயும் கல்லு வரும், அது ஒண்ணரை இன்ச். மேல் மாடியில ரெண்டு இன்ச். இதெல்லாம் உன் பேப்பர்ல எங்க இருக்கு?"

எங்கேயும் இல்லை. அங்கேயே செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். கீழே தரை 75 மில்லி ஏறும். படியின் மேல் கல்லும் கலவையும் சேர்த்து 40. ஆக முதல் படி 169-க்குப் பதிலாக 134 தான் நிற்கும். மேல்தளத்தில் 50 ஏறும், அதனால் கடைசிப் படி 179 ஆகிவிடும். நடுவில் எல்லாம் 169. காகிதத்தில் ஒரே அளவான பதினெட்டுப் படி, வீட்டில் மூன்று அளவாக இருக்கும். 134-க்கும் 169-க்கும் வித்தியாசம் 35 மில்லி. மேஸ்திரி கணக்கில் ஒரு இன்ச் மூணு நூல் (எட்டு நூல் ஒரு இன்ச்).

"ஒரு இன்ச் மூணு நூல்தானேன்னு நினைக்காத. கால் எண்ணும் பாப்பா. ரெண்டு படி ஏறினா மூணாவது எவ்ளோன்னு காலுக்குத் தெரிஞ்சிடும். மாறிச்சுன்னா ராத்திரியில தடுக்கும். இந்த வீட்ல ஒரு பாட்டி இருக்காங்க, பாத்த இல்ல?"

பார்த்திருந்தேன். பூமி பூஜைக்குப் போட்ட நாற்காலியில் இன்னும் தினமும் வந்து உட்கார்ந்து வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

சாரிடம் வந்து சொன்னதும் அவர் திட்டவில்லை. "சாக்பீஸ் எடுத்துக்கோ, சுவரிலேயே வரை" என்றார். மறுநாள் காலை படி வரப்போகும் சுவரில், மேஸ்திரியின் நீலக் கோட்டிலிருந்து கீழே மூன்றடி அளந்து முடிந்த தரையைக் குறித்தேன். மேலேயும் அப்படியே. இரண்டுக்கும் நடுவில் இருந்த 3,023-ஐப் பதினெட்டாகப் பிரித்து ஒவ்வொன்றும் 168 என்று முடிந்த படிகளை முதலில் வரைந்தேன். அப்புறம் ஒவ்வொன்றிலிருந்தும் 40 கீழே இறக்கி, கான்கிரீட் படியை வேறு நிறத்தில் வரைந்தேன். கான்கிரீட்டில் முதல் படி 203 வந்தது, கடைசிப் படி 158. பார்க்க அசிங்கமாகத்தான் இருந்தது. கல் பதித்ததும் பதினெட்டும் ஒன்றாகிவிட்டன. வீடு முடிந்தபின் டேப்பை எடுத்துப் போய் ஒவ்வொரு படியாக அளந்தேன். இரண்டு மூன்று மில்லிக்கு மேல் எதிலும் வித்தியாசம் இல்லை. பாட்டி மேலே ஏறி வந்து மாடியில் வடகம் காய வைத்திருந்தார்.

கல்லூரியில் இதைச் சொல்லித் தரவில்லையா என்றால், சொல்லித் தந்திருப்பார்கள். முடிந்த தரை, முடியாத தரை என்று பாடத்தில் இருந்தது. ஆனால் வரைபடத்தில் நான் போட்ட ஒரு கோடு, கம்பியும் சென்ட்ரிங் பலகையும் கலவையுமாக மாறுவதற்கு ஒரு நாள் முன்னால் ஒருவர் நிறுத்திக் கேட்டாரே, அப்படிக் கேட்க ஆள் இருந்ததால்தான் உள்ளே இறங்கியது. அந்த ஆளைத்தான் பயிற்சி என்கிறேன். வீட்டில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் அந்த ஆள் கிடைக்க மாட்டார்.

சத்துவாச்சாரியில் வேறு பாடம். அது மலையடிவாரத்தை ஒட்டிய மனை. ஒரு மூலையில் மூன்றடியிலேயே கடப்பாரை 'ணங்' என்றது, பாறை. எதிர் மூலையில் ஆறடி போயும் நிரப்பிய மண்தான். ஒரே வீட்டின் பாதி பாறையிலும் பாதி மண்ணிலும் உட்கார்ந்தால், மண் பக்கம் மட்டும் இறங்கிச் சுவர் விரிந்துவிடும். ஸ்ட்ரக்சுரல் என்ஜினீயர் வந்து பார்த்து, மண் பக்கம் இன்னும் ஆழமாகப் போகச் சொல்லி, ஃபுட்டிங் என்ற அடித்தளத்தின் வரைபடத்தையே மாற்றினார். அந்த வீட்டின் பத்திரத்தில் மனையின் முகப்பு 40 அடி என்று இருந்தது. நாங்கள் டேப் பிடித்தபோது 39 அடி 3 அங்குலம். எனக்கு அதிர்ச்சி, சாருக்கு இல்லை. "பத்திரம், பட்டா, புலப்படம், வில்லங்கச் சான்று எல்லாத்தையும் வாங்கு. வாங்கிட்டு எதையும் நம்பாதே. போய் அள. நாலு பக்கமும் அள, குறுக்கே ரெண்டு மூலைவிட்டமும் அள. அப்புறம் கோடு போடு" என்றார். மூலைவிட்டம் அளக்காமல் வரையும் பழக்கம் எனக்கு அன்றோடு போனது.

வேலூரில் ஏப்ரல், மே எப்படி இருக்கும் என்று இங்கே வாழ்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம். பாகாயம் வீட்டுக்குக் கூரை கான்கிரீட் போட்டது அக்னி நட்சத்திர சமயம். காலை ஐந்தரைக்கே ஆள்கள் வந்துவிட்டார்கள், வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும். எனக்குச் சார் கொடுத்த வேலை ஒரு காகிதம், ஒரு பேனா. ஒவ்வொரு மிக்ஸர் கலவைக்கும் நேரம் எழுது, தண்ணீர் எத்தனை வாளி என்று எழுது. முந்தின நாள் சாயங்காலம் கம்பியைத் தூக்கிப் பிடிக்கும் கவர் பிளாக், கம்பிக்கு அடியில் எல்லா இடத்திலும் இருக்கிறதா என்று மண்டியிட்டுப் பார்த்தேன். 20 மில்லி கனம்தான், ஆனால் அது இல்லாத இடத்தில் கம்பி பலகையில் ஒட்டிக்கொண்டு நிற்கும், பத்து வருடத்தில் துரு ஏறிக் கூரை உரியும். ஃபேன் பெட்டி ஒன்று விட்டுப்போயிருந்ததைக் கண்டுபிடித்ததும் அப்போதுதான். கான்கிரீட் போட்டபின் கண்டிருந்தால் துளைதான் போட வேண்டும்.

கலவை போட்ட அன்று மதியமே மேலே ஈரச் சாக்கு விரித்தோம். மறுநாள் கலவையால் சின்னச் சின்னப் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினோம். சிமென்ட் வகையைப் பொறுத்து ஏழு நாள் முதல் பத்து, பதினாலு நாள் வரை ஈரம் காயக்கூடாது. தண்ணீருக்கு லாரிதான். வீட்டுக்காரருக்கு லாரிச் செலவைப் பார்த்து மனசு வரவில்லை, மூன்றாவது நாளே போதும் என்றார். அவரிடம் சார் பேசிய விதத்தைத்தான் நான் கற்றுக்கொண்டேன். விதிப் புத்தகத்தைக் காட்டவில்லை. பாத்தி காய்ந்துபோயிருந்த ஒரு மூலைக்குக் கூட்டிப்போய், முடி கனத்தில் ஓடிய வெடிப்பை விரலால் தடவிக் காட்டினார். அவ்வளவுதான், லாரி வந்தது. இதை நோட்டில் எந்தத் தலைப்பில் எழுதுவது என்று அன்றைக்கு ரொம்ப நேரம் யோசித்தேன். கட்டுமானமா, நிர்வாகமா? கடைசியில் இரண்டிலும் அரை மணி நேரம் போட்டுக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கோட்டைக்குப் போவேன். யாரும் சொல்லவில்லை, நானாகத்தான். ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்து யாளித் தூண்களை எல்லோரும் பார்ப்பார்கள். நான் பார்த்தது கோட்டைச் சுவரில் கருங்கல்லும் கருங்கல்லும் சேரும் இடங்களை. வாரம் முழுக்க இரண்டு கல்லுக்கு நடுவில் எவ்வளவு இடம் விடுவது என்று மேஸ்திரியோடு பேசிவிட்டு வந்து பார்த்தால், அதே சுவர் வேறு மாதிரி தெரிகிறது.

பெண் பிள்ளைகளுக்குத் தனியாக ஒன்று. சைட்டில் கழிப்பறை இருக்காது. இதைச் சொல்ல வெட்கப்பட்டுத் தண்ணீர் குடிக்காமலேயே நின்று, அந்த வெயிலில் எனக்கு நீர்க்கடுப்பே வந்துவிட்டது. சித்தாள் வேலைக்கு வரும் அக்காக்களுக்கும் இதே கஷ்டம்தான், அவர்களுக்கு வருடம் முழுக்க. பக்கத்து வீட்டில் முதல் நாளே பேசி வையுங்கள், அல்லது அலுவலகத்தில் வாய் திறந்து கேளுங்கள். இப்போது என் சைட்டுகளில் கடகால் தோண்டுவதற்கு முன்பே தகரம் அடைத்து ஒரு கழிப்பறை வைத்துவிட வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதுகிறேன். துப்பட்டா வேண்டாம், மிக்ஸரில் மாட்டும். மூடிய ஷூ கட்டாயம், ஆணி குத்தும்.

பணத்தைப் பற்றியும் பேசிவிடலாம். சென்னையில் எனக்கு உதவித்தொகை கிடையாது, அனுபவமே சம்பளம் என்றார்கள். இங்கே சார் மாதம் 5,000 கொடுத்தார், பெட்ரோலுக்குத் தனி. பணம் தராத இடத்தில் சேராதீர்கள் என்று எல்லோருக்கும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, சில ஊர்களில் வேறு வழி இருக்காது. ஆனால் சேரும் முன்னால் எவ்வளவு, எந்தத் தேதியில் என்று கேட்டு, ஒரு மின்னஞ்சலிலாவது வாங்கி வையுங்கள். நான் என் அலுவலகத்தில் கொடுக்கிறேன். ஒருவருடைய ஆறு நாள் உழைப்பை வாங்கிக்கொண்டு கையை வெறுமையாக அனுப்புவது சரியில்லை என்பது என் அபிப்பிராயம்.

நோட்டு எழுதுவதில் நான் கண்ட ஒன்றிரண்டு விஷயம். அன்றன்றே எழுத வேண்டும், வாரக் கடைசியில் உட்கார்ந்தால் பாதி கற்பனையாகிவிடும். 'சைட் விசிட்' என்று எழுதினால் பிரயோஜனமில்லை. 'சத்துவாச்சாரி, வடகிழக்கு மூலை, பாறை 3 அடியில், என்ஜினீயர் ஃபுட்டிங் மாற்றினார், ஏன் என்று கேட்டேன்' என்று எழுதினால் ஐந்து வருடம் கழித்தும் உதவும். நாம் செய்த தப்பைச் சிவப்பில் எழுதி வையுங்கள். வாரத்துக்கு ஒருமுறை பொறுப்பாளரிடம் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். கடைசி நாளில் பதினாறு வாரத்துக்கும் மொத்தமாகக் கையெழுத்துப் போடுகிறவர் ஒரு வரியையும் படிக்க மாட்டார். சான்றிதழில் சேர்ந்த தேதி, முடித்த தேதி, அவருடைய பதிவு எண் மூன்றும் இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள்.

2018-இல் பட்டம் வாங்கி, அந்த வருடமே பதிவு செய்தேன். என் எண் வந்த அன்று அக்காவுக்குத்தான் முதலில் போன் போட்டேன். அவளுக்கு அப்போது இன்னும் இரண்டு தேர்வு பாக்கி. சந்தோஷப்பட்டாள், கொஞ்சம் பொறாமையும் பட்டாள், ஒளிக்கவில்லை. "உனக்கு ஒரு விண்ணப்பத்தோட முடிஞ்சிடுச்சு. அதனாலேயே நீ இன்னும் ரெண்டு வருஷம் யார்கிட்டயாவது இரு" என்றாள். இருந்தேன். அதே காந்தி நகர் மாடியில், சாரிடமே. சட்டம் கேட்காவிட்டாலும் அந்த இரண்டு வருடமும் நோட்டு எழுதினேன். அந்தக் காலத்தில்தான் மாவட்டமே மூன்றாகப் பிரிந்தது. 2019-இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டமாயின, அந்தப் பக்கத்து வேலைகளுக்கு எந்த அலுவலகத்தில் எந்தக் கோப்பு என்று முதலிலிருந்து அலைந்து தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. தமிழ்நாட்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகளும் அதே 2019-இல்தான் வந்தன. பக்க இடைவெளி, உயரம், வண்டி நிறுத்தும் இடம் எல்லாவற்றுக்கும் புதிய அட்டவணை. அதைச் சாரும் நானும் ஒன்றாக உட்கார்ந்து படித்தோம். முப்பது வருட அனுபவசாலி பென்சிலால் அடிக்கோடு போட்டுப் படிப்பதைப் பக்கத்தில் இருந்து பார்ப்பதும் பயிற்சிதான்.

குடியாத்தத்து அப்பாவுக்கு அன்று சொன்னது இதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. நஷ்டம் எனக்கில்லை, நாளைக்கு உங்கள் பையன் வரையும் வீட்டில் குடியிருப்பவர்களுக்கு என்றேன். பாட்டி கதையைச் சொன்னேன். அவர் எழுந்து போய்விட்டார். பையன் மட்டும் வாசலில் திரும்பி, "அந்த முதல் படி 203 எப்படிக்கா வந்தது?" என்று கேட்டான்.

ஜனவரி முதல் வாரம் அவனே வந்து சேர்ந்தான். த்ரீடி வேலையை ராத்திரி செய்துகொள்கிறான், நான் தடுக்கவில்லை. காலை ஏழு மணி ரயிலில் காட்பாடி வந்துவிடுவான். இது அவனுக்குப் பதினோராவது வாரம். நேற்று அவனுடைய நோட்டைக் கூட்டிப் பார்த்தோம். கட்டுமானத்தில் 170 மணி நேரம் வந்துவிட்டது, விவர வரைபடத்தில் அதைவிடக் கூடுதல். சிவப்பில் ஏழு வரி. அலுவலகம் நடத்துவது என்ற பக்கத்தில் இரண்டே மணி நேரம்தான் இருக்கிறது, அதனால் திங்கட்கிழமை ஒரு கோப்பைக் கொடுத்து அவனை மாநகராட்சி அலுவலகத்துக்கு அழைத்துப் போகிறேன். அந்தக் கோப்பில் இருக்கும் மனையை நாலு பக்கமும் மூலைவிட்டமும் அளந்தது அவன்தான்.